போர்டு நாலு, பான் கார்டு ஒண்ணு… உஷார்!

இரண்டாவது கடைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் பையில் பணத்தோடு கிளம்பிவிட்டீர்களா? ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். கட்டடக்காரர் எங்கும் போய்விட மாட்டார். ‘இன்னொருத்தரும் வந்து கேட்டுட்டுப் போயிருக்காருங்க’ என்று அவர் சொல்லியிருப்பார். எல்லோரிடமும் சொல்வதுதான் அது.

ஒரே தொழில் செய்து அது படுத்ததால் நொடித்தவர்கள் உண்டு. அவர்களில் பலர் எழுந்தும் விடுகிறார்கள். ஓடுகிற ஒரு தொழிலின் தைரியத்தில் அடுத்த மூன்றைத் தொடங்கி, ஓடிக்கொண்டிருந்ததையும் சேர்த்துப் பறிகொடுத்தவர்கள் எழுவதுதான் கஷ்டம். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் இந்தக் கதையை அடிக்கடி பார்க்கலாம். பேக்கரி வைத்திருப்பார். பக்கத்து ஷட்டர் காலியானதும் ஒரு செல்போன் கடை. மச்சான் சும்மா இருக்கிறார் என்று ஒரு டெம்போ. வீட்டம்மா பெயரில் ஆறு மிஷின் போட்டு ஒரு தையல் யூனிட். ஊர்க் கோயில் திருவிழா ஃப்ளெக்ஸில் ‘தொழிலதிபர்’ ஆகிவிடுவார். அந்த ஃப்ளெக்ஸ் வந்த வருஷத்திலேயே மைதா மண்டிக்காரர் அவர் போனை எதிர்பார்த்துக் காத்திருப்பார்.

நான்கு தொழில் செய்யலாம், தப்பே இல்லை. நான்கையும் ஒரே கல்லாவில் வைத்து நடத்துகிறோமே, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கல்லாவில் கிடப்பது யார் பணம்?

பேக்கரியையே எடுத்துக்கொள்வோம். தினமும் 30,000 ரூபாய் வியாபாரம் என்று வையுங்கள். அதில் மைதா, சர்க்கரை, டால்டா, முட்டை, பால் என்று சரக்குக்கு மட்டும் 16,000 போகும். சம்பளம், வாடகை, கேஸ், ஈபி எல்லாம் போக முதலாளி கையில் நிற்பது 3,000 என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல தொழில்தான். ஆனால் சரக்குக்காரர்கள் அன்றன்றைக்குப் பணம் வாங்குவதில்லை. 15 நாள் கடன் தருகிறார்கள். அப்படியானால் எந்த நாள் எடுத்துப் பார்த்தாலும் 15 நாள் சரக்குப் பணம், அதாவது 2,40,000 ரூபாய், கல்லாவிலோ பேங்கிலோ நின்றுகொண்டிருக்கும்.

அந்தப் பணம்தான் கண்ணை மறைக்கிறது. ‘கையில ரெண்டரை லட்சம் சும்மா கிடக்குதே’ என்று செல்போன் கடைக்கு அட்வான்ஸ் போகிறது. அது சும்மா கிடந்த பணம் இல்லை, மண்டிக்காரர் பணம். பேக்கரியின் லாபத்திலிருந்து அதே 2,40,000 சேர வேண்டுமானால், வீட்டுச் செலவுக்கு ஒரு பைசா எடுக்காமலே 80 நாள் ஆகும்.

அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பெரும்பாலும் ஒரே வரிசையில் சொல்லிவிடலாம். புதுக் கடை முதல் ஆறு மாதம் வாடகைக்கும் சம்பளத்துக்குமே திணறும். மாதம் 25,000, 30,000 என்று பேக்கரி கல்லாவிலிருந்து அங்கே போகும். மண்டிக்கு 15 நாளில் போன பணம் 20 நாளாகும், 25 நாளாகும்.

“ஏனுங்க, பத்து நாளா பையன் வந்து வந்து திரும்பிப் போறானுங்க.”

“அடுத்த வாரம் மொத்தமா போட்டுடறேனுங்க. கொஞ்சம் ரொட்டேஷன் டைட்டு.”

மண்டிக்காரர் சண்டை போட மாட்டார். மூட்டைக்கு 20 ரூபாய் கூட்டிப் போடுவார். அடுத்த மாதம் கம்பெனி மாவு இல்லை என்று வேறு மாவு அனுப்புவார். அதற்கடுத்து, ‘கேஷ்னா இறக்கறேனுங்க’ என்பார். பன் கொஞ்சம் கெட்டியாகும், கேக்கில் எண்ணெய் வாடை வரும். தினம் வரும் வாடிக்கையாளர் காரணம் கேட்கமாட்டார். எதிர்க் கடைக்குப் போய்விடுவார். தள்ளாடுவது செல்போன் கடை, அடிபடுவது பேக்கரி. இது முதலாளிக்குப் புரிவதற்குள் ஒரு தீபாவளி முடிந்திருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் தண்டல்காரர் கடை வாசலுக்கு வருகிறார். 10,000 ரூபாய் என்று சொல்லி 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிப்பார். ‘நூறு ரூபாய்தானே, ஒரு நாளைக்கு அஞ்சு பஃப்ஸ்’ என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருவதால், வருஷக் கணக்குக்கு மாற்றினால் இந்த வட்டி 100 சதவீதத்தைத் தாண்டும். அவ்வளவு லாபம் தருகிற பேக்கரி உலகத்தில் எங்கேயும் இல்லை. மீட்டர் வட்டி, கந்து வட்டி வாங்குவதைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. ஆனால் புகார் கொடுக்கப் போகிற நிலைக்கு வந்துவிட்டால், தொழில் ஏற்கெனவே கையைவிட்டுப் போயிருக்கும் என்பதுதான் நடைமுறை.

சிறு கடைக்காரருக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1997-ல் சென்னையில் தொடங்கிய சுபிக்ஷா மளிகை, காய்கறி, மருந்து, செல்போன் என்று விரிந்து 1,600 கடைகளைத் தொட்டது. 2009 தொடக்கத்தில் கையில் புழங்கப் பணம் இல்லாமல் மொத்தமாக முடங்கியது. வாசலில் வாடிக்கையாளர் இருந்தார்; உள்ளே அலமாரியில் சரக்கு வைக்கத்தான் காசு இல்லை.

சட்டத்தின் கண்ணுக்கு நீங்கள் ஒரே ஆள்

போர்டுகளை எண்ணிப் பெருமைப்படுகிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். தனி முதலாளியாக நீங்கள் எத்தனை பெயரில் கடை வைத்தாலும், ஸ்ரீ முருகன் பேக்கரி, ஸ்ரீ முருகன் மொபைல்ஸ், ஸ்ரீ முருகன் டிரான்ஸ்போர்ட் எல்லாம் ஒரே பான் எண். வரி அலுவலகத்துக்கும் பேங்குக்கும் அவை மூன்று தொழில் கிடையாது. மூன்று வேலை செய்கிற ஒரு மனிதர், அவ்வளவுதான். பேக்கரி பட்ட கடனுக்கு மொபைல்ஸ் சொத்தும் பொறுப்பு, நீங்கள் குடியிருக்கும் வீடும் பொறுப்பு.

ஜிஎஸ்டியில் இது எப்படிக் கடிக்கிறது பாருங்கள். சரக்கு மட்டும் விற்கிறவர் வருஷத்துக்கு 40 லட்சம் வரை பதிவு செய்ய வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். சேவையும் கலந்துவிட்டால் வரம்பு 20 லட்சம் என்பது பலருக்குத் தெரியாது. ஒருவர் மளிகைக் கடையில் வருஷத்துக்கு 17 லட்சம் வியாபாரம் செய்து நிம்மதியாக இருந்தார். மகளுக்கு ஒரு வழி ஆகட்டும் என்று தன் பெயரிலேயே பக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை மையம் ஒன்றைத் திறந்தார். வருஷம் 4 லட்சம். மொத்தம் 21 லட்சம். 20 லட்சம் தாண்டியதுமே அவர் பதிவு செய்திருக்க வேண்டியவர். வரி இல்லாத அரிசி, காய்கறி, பால் விற்ற தொகையும் இந்தக் கூட்டலில் சேரும். பல மாதம் கழித்து நோட்டீஸ் வந்தால், வாடிக்கையாளரிடம் வாங்காத வரியைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். வட்டி 18 சதவீதம். அபராதம் தனி.

ஒரு கடைக்கு சிறு வணிகருக்கான காம்போசிஷன் முறை, இன்னொன்றுக்கு ரெகுலர் என்று ஒரே பானில் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஒன்று மாறினால் எல்லாம் மாறும். மூன்று தொழிலையும் ஒரே ஜிஎஸ்டி எண்ணில் ஓட்டுகிறவருக்கு இன்னொரு தலைவலி உண்டு. டெம்போ கணக்கை மச்சான் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்றால் மொத்த ரிட்டர்னும் நிற்கும். தொடர்ந்து இரண்டு ரிட்டர்ன் நின்றால், சரக்கை அனுப்பத் தேவையான இ-வே பில் போட முடியாது. மச்சானின் சோம்பலுக்கு, செல்போன் சரக்கு கோடவுனில் உட்கார்ந்திருக்கும்.

பேங்கு விஷயம் இதைவிடக் கடுமை. வாராக் கடன் என்று முத்திரை குத்துவது கடன் கணக்கைப் பார்த்து இல்லை. கடன் வாங்கியவரைப் பார்த்து. ரிசர்வ் வங்கி விதி அது. பேக்கரியின் சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கு ஒரு நாள்கூடத் தவறாமல் ஓடிக்கொண்டிருக்கலாம். அதே பேங்கில் வாங்கிய டெம்போ கடன் 90 நாளுக்கு மேல் நிலுவையாகிவிட்டால், சி.சி.யும் சேர்ந்து வாராக் கடன் ஆகிவிடும். லிமிட் நிற்கும், புதுக் கடன் கிடைக்காது, சிபில் சரியும். ‘ஒரு தவணையைக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்’ என்று முன்பெல்லாம் சமாளிப்பார்கள். 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி அந்தக் கதவையும் சாத்திவிட்டது. அந்த பேங்கில் உள்ள எல்லாக் கணக்குகளின் நிலுவையும், வட்டியும் அசலுமாக முழுதும் கட்டினால்தான் பழைய நிலை.

வீட்டுப் பத்திரத்தை சி.சி.க்கு அடமானம் வைத்தவர்கள் அந்த ஒப்பந்தத்தின் பின்பக்கங்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். அதே பேங்கில் பின்னால் வாங்குகிற கடனுக்கும் அந்த வீடே ஈடு என்கிற வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். பேக்கரி கடனை அடைத்துவிட்டுப் பத்திரம் கேட்டால், ‘டெம்போ முடியட்டும் சார்’ என்பார் மேனேஜர். அவரைக் கோபித்துப் பயனில்லை, கையெழுத்து நம்முடையது. அடமானச் சொத்தை பேங்கே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் நோட்டீஸ் வந்தால், கட்டுவதற்கு 60 நாள்தான் அவகாசம்.

அப்படியே இன்னொன்று. ஒரே சரக்கை இரண்டு கடைக்கும் தூக்கி மாற்றி, இரண்டு பேங்குக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் காட்டுகிற ‘சாமர்த்தியம்’ சிலரிடம் இருக்கிறது. அதற்குப் பெயர் மோசடி. கடனாக இருந்தது கிரிமினல் வழக்காகும்.

ஆள் கணக்கும் இப்படித்தான். பேக்கரியில் 8 பேர், செல்போன் கடையில் 4 பேர், தையலில் 9 பேர். எதிலும் 20 இல்லை, அதனால் பி.எஃப். இல்லை என்று இருப்பார்கள். ஒரே முதலாளி, ஒரே கணக்காளர், ஒரே கல்லாவிலிருந்து சம்பளம், பேக்கரிப் பையன் மதியத்துக்கு மேல் செல்போன் கடையில் நிற்கிறான் என்று ஆய்வாளர் எழுதிக்கொண்டால், மூன்றையும் சேர்த்து ஒரே நிறுவனமாக எடுக்க வழி உண்டு. மொத்தம் 21. நமக்கு வசதி என்று ஆளை இங்கேயும் அங்கேயும் மாற்றிப் போட்டதே சாட்சியாகிவிடும். பழைய மாதங்களுக்குக் கட்டச் சொன்னால், தொழிலாளியின் பங்கையும் அவர் சம்பளத்தில் பிடிக்க முடியாது. முதலாளியே கட்ட வேண்டும். ஊழியருக்குப் பி.எஃப். போவது நல்லதுதான், அதில் எனக்கு வருத்தமே இல்லை. திட்டமிட்டுக் கட்டினால் செலவு. மொத்தமாகக் கேட்டால் பேரிடி.

‘ஒண்ணு போனா ஒண்ணு’ கைகொடுக்குமா?

பல தொழில் வைக்கிறவர்கள் சொல்லும் நியாயம் இதுதான். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அவர்கள் தொடங்கியிருக்கும் தொழில்களைப் பாருங்கள். திருப்பூரில் பனியன் ஜாப் ஒர்க் யூனிட், பக்கத்தில் தொழிலாளர்களுக்கு வாடகை ரூம், அவர்கள் சாப்பிட ஒரு மெஸ், அவர்கள் வாங்க ஒரு மளிகை. நான்கு தொழில் போலத் தெரியும். நான்குக்கும் சோறு போடுவது ஒரே எக்ஸ்போர்ட் ஆர்டர்.

2011 ஜனவரி 28-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது நின்றது சாயம் மட்டுமா? நிட்டிங் நின்றது, டெம்போ நின்றது, ரூம் காலியானது, டீக்கடையில் பால் மிஞ்சியது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா பல இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீத வரி என்று ஏற்றியதும் முதல் அடி எக்ஸ்போர்ட்டருக்கு. அமெரிக்க ஆர்டரை நம்பிய ஜாப் ஒர்க் காரருக்கும், மெஸ்காரருக்கும் அடுத்தடுத்து. வாஷிங்டனில் போட்ட கையெழுத்துக்கும் திருப்பூர் அனுப்பர்பாளையத்து மெஸ்ஸில் குறையும் சாப்பாட்டுக்கும் இடையில் சில வாரம்தான் தூரம்.

கல்யாணத் தொழிலும் அப்படியே. பந்தல், கேட்டரிங், போட்டோ, வேன் என்று நான்கும் வைத்திருப்பவரைப் பார்த்தால் பெரிய ஆள் என்று தோன்றும். ஆடியில் நான்கும் சும்மா இருக்கும், மார்கழியிலும் நான்கும் சும்மா இருக்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்த முகூர்த்த சீசன் முழுவதும் ஒரே இரவில் போயிற்று. அவர் செய்தது நான்கு தொழில் இல்லை, நான்கு மடங்கு முதலீடு போட்ட ஒரே தொழில். இரண்டாவது தொழில் வேண்டும் என்றால், முதல் தொழில் படுக்கிற மாதத்தில் எழுந்து நிற்கிற தொழிலாகப் பாருங்கள். அப்படி ஒன்று கையில் இல்லையென்றால் அந்தப் பணத்தை பேங்கில் போட்டு வைப்பதே மேல்.

கல்லாவை விட்டு எழுந்தால்…

கடை ஓடியதற்குக் காரணம் சரக்கு, இடம், ராசி என்று எதை எதையோ சொல்வோம். பாதிக் காரணம் முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது கடை திறந்த அன்றைக்கே முதல் கடையில் அந்த நாற்காலி காலி.

காலையில் வெஜ் பஃப்ஸ் 200 வருகிறது. இரவு மிச்சம் 30. விற்றது 170 ஆக இருக்க வேண்டும், பில்லில் 150. கேட்டால், “உடைஞ்சு போச்சுங்கண்ணா” என்று பதில் வரும். 20 பஃப்ஸ், ஒன்று 20 ரூபாய் என்றால் நாளைக்கு 400. மாதம் 12,000. இது பஃப்ஸில் மட்டும். பாலில், பழைய பேப்பர் விற்றதில், காலி டால்டா டின்னில் என்று இன்னும் எத்தனையோ வழி இருக்கிறது. ஒரு லிட்டர் பாலுக்கு எத்தனை டீ வரும் என்று உங்கள் கைக்குத் தெரியும். ஆனால் நீங்கள் அந்த நேரத்தில் செல்போன் கடையில் டெம்பர்டு கிளாஸ் எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது புதிதாக ஒரு வழி, க்யூஆர் ஸ்டிக்கர். கவுன்டரில் கடையின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கூட்ட நேரத்தில், ‘இதுல போடுங்கண்ணா, அது சர்வர் இல்லை’ என்று பையன் தன் போனைக் காட்டுவான். பணம் போகும், சவுண்ட் பாக்ஸ் பேசாது. வாரத்துக்கு ஒருநாள், சொல்லாமல், வேறு ஆளை அனுப்பி ஒரு டீ குடிக்கச் சொல்லுங்கள். எல்லாப் பையன்களும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்குக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் நல்லவனுக்கும் கை நீளும் என்கிறேன். பையனைக் கெடுத்த பாவத்தில் பாதி நம்முடையது.

வீட்டம்மா பெயரில் கடை

இந்தப் பகுதியைக் கடைக்காரர்கள் படிக்காவிட்டாலும் அவர்கள் மனைவிகள் படிக்க வேண்டும்.

வரியைப் பிரிக்கலாம், லோன் தனியாகக் கிடைக்கும், மானியத் திட்டம் இருக்கிறது என்று ஏதோ ஒன்றைச் சொல்லி அம்மணி பெயரில் பதிவு செய்வார்கள். செக் புத்தகத்தில் 10 இலையில் வெற்றுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அவர் கடைப் பக்கம்கூடப் போயிருக்க மாட்டார். துணி கொடுத்தவருக்குக் கொடுத்த செக் திரும்பினால் என்ன ஆகும்? திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்புவார். நோட்டீஸ் கிடைத்து 15 நாளுக்குள் பணம் போகவில்லை என்றால் கோர்ட். இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது சட்டம். கூண்டில் நிற்பது யார்? கையெழுத்துப் போட்ட அந்த அம்மாதான். ‘எல்லாம் வீட்டுக்காரர்தான் பார்த்தார்’ என்பதை நீதிபதி கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். மூன்று செக் திரும்பினால் மூன்று வழக்குகூட வரலாம்.

வரி மிச்சமும் நினைத்த அளவு இல்லை. கணவர் சும்மா கொடுத்த பணத்தை முதலாகப் போட்டு நடத்துகிற தொழிலென்றால், அந்த முதலுக்குரிய லாபம் கணவர் வருமானத்தோடுதான் சேரும். பெயர் வேறு என்பதால், இந்தக் கடைச் சரக்கை அந்தக் கடைக்குத் தூக்கிப் போனால் அதற்கும் பில் வேண்டும். வீட்டுக்குள்ளே என்ன பில் என்று கேட்கலாம். அலுவலர் கேட்கமாட்டார், எழுதிக்கொண்டு போவார்.

கடைக்குக் கடை சரக்கை மாற்றுகிறவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. தீ விபத்துப் பாலிசி அதில் எழுதியிருக்கும் முகவரிக்குத்தான். தீபாவளி நெருக்கடியில் பேக்கரி கோடவுன் சரக்கைத் தையல் யூனிட்டில் இறக்கி வைத்து, அங்கே தீப்பிடித்தால் கம்பெனி கையை விரிக்கும். பல இடங்களில் சரக்கு வைப்பவர்கள் ‘ஃப்ளோட்டர்’ பாலிசி கேட்டு வாங்குங்கள்.

ஃபிரான்சைஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘நீங்க முதல் போட்டாப் போதும் சார், கடையை நாங்களே நடத்திடுவோம், மாசம் இவ்வளவு நிச்சயம்’ என்று வருகிறவரிடம் இரட்டிப்பு உஷார். ஏற்கெனவே தொழில் இருப்பவரைத்தான் இவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள், நேரம் இல்லாதவர் கேள்வி கேட்கமாட்டார் என்று. ஃபிரான்சைஸுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் கதி. கட்டிய தொகை திரும்பாது என்ற வரி அதில் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இருக்கும். விளம்பரத்தில் காட்டிய கடையை விட்டுவிட்டு, அவர்கள் காட்டாத இரண்டு கிளைகளுக்கு நீங்களாகவே போய் உரிமையாளரிடம் பேசுங்கள்.

சரி, அப்படியும் ஆரம்பித்தே தீர வேண்டும் என்பவருக்கு

முதலில் 15 நாள் கடைப் பக்கம் போகாதீர்கள். வெளியூர் போங்கள், போனையும் குறையுங்கள். திரும்பி வந்து அந்த 15 நாள் கணக்கைப் போன மாதத்தின் அதே 15 நாள் கணக்கோடு ஒப்பிடுங்கள். வியாபாரமும் சரக்குச் செலவும் மாறாமல் இருந்தால் உங்களிடம் ஒரு தொழில் இருக்கிறது. மாறியிருந்தால் உங்களிடம் இருப்பது ஒரு வேலை; அதை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போக முடியாது.

தொழிலுக்கு ஒரு கரன்ட் அக்கவுன்ட், தொழிலுக்கு ஒரு க்யூஆர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போனால் அதைக் கைமாத்தாக எழுதுங்கள்: எவ்வளவு, எந்தத் தேதிக்குத் திரும்பும். நம் பணம்தானே என்று எழுதாமல் விட்ட தொகை ஒருநாளும் திரும்பியதில்லை. நீங்களும் சம்பளம் எடுத்துக்கொள்ளுங்கள், மாதம் ஒரு தொகை என்று. மகள் ஸ்கூல் ஃபீஸுக்குப் பேக்கரி கல்லா, வண்டி பெட்ரோலுக்குச் செல்போன் கல்லா என்று எடுக்கிறவருக்கு எந்தக் கடை லாபம் என்று கடைசிவரை தெரியப்போவதில்லை. ஆடிட்டருக்குத் தெரியும் என்பீர்கள். அவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை தெரியும், அதுவும் நீங்கள் கொடுத்த பில்லை வைத்து.

மூடும் தேதியைத் திறக்கும் முன்பே எழுதி வையுங்கள். இவ்வளவு ரூபாய் போன பிறகோ, இத்தனை மாதம் ஆன பிறகோ, எது முதலில் வருகிறதோ அன்றைக்குக் கடையைக் காலி செய்வேன் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். நம்மவர்களுக்குத் திறப்பு விழா நடத்தத் தெரிகிறது, மூடத் தெரிவதில்லை. ‘ஊர் என்ன சொல்லும்’ என்பதற்காக எட்டு மாதம் வாடகை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். மூடும்போது ஒழுங்காக மூடுங்கள். ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்தால் மூன்று மாதத்துக்குள் இறுதி ரிட்டர்ன் போட வேண்டும். ஈபி டெபாசிட், கட்டட அட்வான்ஸ் இரண்டையும் எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். பூட்டிவிட்டு வந்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு இரண்டு வருஷம் கழித்து நோட்டீஸ் வருகிறது.

ஏற்கெனவே நான்கு போர்டு மாட்டியவர்கள், இன்றிரவு ஒரு முழு வெள்ளைத்தாள் எடுங்கள். பேங்க், சீட்டு, தண்டல், மண்டி, கைமாத்து, மாமனார் கொடுத்தது, நகைக் கடன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். பக்கத்தில் எது எந்தக் கடைக்குப் போனது என்று குறியுங்கள். வீட்டம்மாவையும் கூட உட்கார வைத்து எழுதுங்கள். கூட்டிப் பார்த்த பிறகு, மாதாமாதம் மற்றவற்றைத் தின்றுகொண்டிருக்கும் கடை எது என்று இருவருக்கும் தெரிந்துவிடும். அதை இந்த மாதமே மூடுங்கள். அடுத்த சீசன் வரட்டும் என்று தள்ளாதீர்கள். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் யாரிடமாவது இருந்தால், நாளை காலை முதல் வேலையாகப் போய் அதைத் திரும்ப வாங்கி வாருங்கள்.